வழி யாருக்கு? நாஞ்சில் நாட்டில் வழங்கிய கிறிஸ்தவ மிகுபுனைவுகளில் பெண்

காயங்குளத்தில் ஒரு வீடு. ஒரு கிழவி, வீட்டு வேலைக்கு இருக்கும் பெண்ணை முன்னால் உட்கார வைத்துப் பேன் பார்க்கிறாள். முடியை வகிர்ந்துகொண்டே போன விரலுக்கு உச்சந்தலையில் ஏதோ தட்டுப்படுகிறது. இரும்பாணி. பதறிப்போன கிழவி அதைப் பிடுங்கி எறிகிறாள். மறுநொடி அந்தப் பெண் அங்கே இல்லை.

கடமற்றத்துக் கத்தனார் கதையில் வரும் காட்சி இது. கத்தனார் மந்திரம் கற்ற சிரியன் கிறிஸ்தவக் குருவானவர். பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில், போவோர் வருவோரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் கொன்றுவந்த யட்சியின் தலையில் அவர் ஆணி அறைகிறார். அறைந்ததும் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுகிறாள். தம் உறவினர் வீட்டில் அவளை வேலைக்காரியாகக் கொண்டுபோய் விடுகிறார். கொட்டாரத்தில் சங்குண்ணி ‘ஐதீகமாலை’யில் எழுதிவைத்த இந்தக் கதையின் யட்சியை, நாட்டு வழக்கு நம் கள்ளியங்காட்டு நீலியோடு ஒன்றாக்கிக்கொண்டது. பார்வதிபுரத்தை ஒட்டிய கள்ளியங்காட்டில் இன்று கள்ளியும் இல்லை, காடும் இல்லை, வீடுகள்தான். பெயர் மட்டும் நீலியைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

வில்லுப்பாட்டில் கேட்கும் நீலி, பேயாவதற்கு முன் ஒரு பெண். நகைக்காகக் கட்டிய கணவனே கொன்றுபோட்டவள். பழிகேட்டுத் திரும்பி வருகிறாள். அவளுக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அதைக் கேட்க ஊர் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறது. கத்தனார் கதைக்குள் வரும்போது வழக்கு காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது ஆபத்தான ஒரு பெண்ணும், அவளை அடக்கும் ஒரு குருவும்தான். சங்குண்ணி கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் கதையின் நாயகன் குருவானவர், அடக்கும் ஆற்றல் அவருடையது. ஆணியைப் பிடுங்கியதோ ஒரு கிழவியின் கை. கதை அவளுக்குப் பெயர்கூடத் தரவில்லை.

கிறிஸ்தவ ஆண்கள் படைத்த அற்புதக் கதைகளில் பெண்ணை எப்படிப் பார்த்தார்கள் என்று ஆராய்கிறவர்கள், எவ்வளவு புகழ்ந்தார்கள், எவ்வளவு இகழ்ந்தார்கள் என்று கணக்கெடுப்பது வழக்கம். அந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவாது என்பது என் எண்ணம். புகழ்ச்சிக்கு இந்த இலக்கியத்தில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கதையில் வழி யாருக்கு? புறப்படுவதா நிற்பதா என்று முடிவெடுப்பது யார், நடப்பது யார், திண்ணையிலேயே விடப்படுவது யார்? உருவகக் கதை, காப்பியம், அம்மானை, நாடகம், நாவல் என நாஞ்சில் நாட்டிலும் அதைச் சுற்றியும் முந்நூறு ஆண்டுகள் வழங்கிய ஆக்கங்களை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்க்கிறேன்.

வீரமாமுனிவரிலிருந்து தொடங்க வேண்டும். 1680இல் இத்தாலியில் பிறந்த ஜோசப் பெஸ்கி, 1726இல் முடித்த ‘தேம்பாவணி’யில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். காப்பியத் தலைவன் வளன், அதாவது சூசை. மரியாளைத் தலைவியாக்கி ஒரு காப்பியம் எழுத அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. கோனான்குப்பத்திலும் ஏலாக்குறிச்சியிலும் அவர் எழுப்பிய மாதா கோயில்களே அவருடைய பக்திக்குச் சான்று. காப்பியம் என்று வந்ததும் ஆணைத்தான் தலைவனாக்கினார். மாதா வணங்கப்படுகிறாள், கதை வளனைப் பின்தொடர்கிறது.

அதே முனிவர் ‘கித்தேரியம்மாள் அம்மானை’யும் பாடியிருக்கிறார். ஒரே சூலில் பிறந்த ஒன்பது பெண் பிள்ளைகளில் ஒருத்தியான கித்தேரியம்மாள், தகப்பன் பேசிய கல்யாணத்தை மறுத்து ஓடிப்போய், அவன் ஆணையால் தலைவெட்டப்பட்ட கன்னி என்பது ஐரோப்பிய மரபுக்கதை. இங்கே ஓடுவதும் பெண், மறுப்பதும் பெண், சாவைத் தேர்வதும் பெண். அம்மானை பெண்கள் காய் வீசி விளையாடிப் பாடியதிலிருந்து வளர்ந்த வடிவம். காப்பியத்தில் கிடைக்காத இடம் அம்மானையில் பெண்ணுக்குக் கிடைத்ததற்கு, வடிவத்துக்குள் ஏற்கனவே ஊறிக்கிடந்த பெண்குரலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அவளுக்குக் கிடைத்த வழியும் ஒன்றேயொன்றுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்: கன்னியாக இருந்து சாவது.

கன்னியைப் போற்றுவது குமரிக் கடற்கரைக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல. சுசீந்திரத்துத் தாணுமாலயனோடு நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோய், சமைக்கவிருந்த அரிசி மணலாகிக் கிடக்க, மூக்குத்தி மின்ன நிற்கிறாள் பகவதி. கூப்பிடு தூரத்தில் அலங்கார உபகார மாதா. ஒரே கரையில் இரண்டு கன்னிகளைக் கண்டு வளர்ந்த மக்களுக்குக் கித்தேரியம்மாளைப் புரிந்துகொள்ள யாரும் உரை சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அடுத்தது ஞானசௌந்தரி. தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் இவளை அறியாதவர் இருந்திருக்க மாட்டார்கள். மாற்றாந்தாய் லேனாள் சூழ்ச்சி செய்கிறாள். காட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லச் சொன்னவர்கள் கைகளை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பிலேந்திரன் அவளைக் கண்டெடுத்து மணக்கிறான்; அவன் போருக்குப் போயிருக்கும்போது கடிதம் மாற்றப்பட்டு, கையில்லாத தாய் பிள்ளைகளோடு மறுபடியும் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். கடைசியில் மாதா கைகளைத் திருப்பித் தருகிறாள். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டிலேயே ‘மானேகின்’ என்ற பிரெஞ்சுக் காவியமாகவும், பின்னால் கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் வரும் கையற்ற பெண்ணின் கதைதான் இது. இங்கே அம்மானையாகி, நாடகமாகி, 1948இல் ஒரே ஆண்டில் ஜெமினியும் சிட்டாடலும் போட்டி போட்டுப் படமாக்கும் அளவுக்கு ஊறிப்போனது. சிட்டாடல் படத்தில் வந்த மாதா பாட்டு இன்றும் கோயில் ஒலிபெருக்கிகளில் கேட்கிறது.

கை இல்லாத பெண் என்ன செய்வாள்? சோறூட்ட முடியாது, பிள்ளையைத் தூக்க முடியாது, கடிதம் எழுத முடியாது. கதையின் துயரமெல்லாம் கடிதத்தில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்கள் ஓலையும் தாளும் அனுப்பிக்கொள்கிறார்கள்; அவளைப் பற்றி எழுதியது பொய் என்று மறுத்து ஒரு வரி எழுத அவளுக்குக் கையில்லை. இந்தக் கதையை உருவாக்கிய ஆண்கள் கொடுமையாக எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். பெண்ணின் துன்பம் அவர்களுக்கு உண்மையிலேயே வலித்திருக்கிறது. ஆனால் அவள் துன்பப்பட்டால்தான் நல்லவள் என்ற எண்ணத்தைத் தாண்ட அவர்களால் முடியவில்லை. என் சிறுவயதில் தவக்கால இரவுகளில் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது, கை வெட்டுப்படும் இடத்தில் தன் முழங்கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். கை முளைக்கும் இடத்தில் இரண்டு கைகளையும் விரித்து எங்களிடம் காட்டுவாள். மாதாவைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். விரல்களைத்தான் எண்ணிக் காட்டுவாள்.

வெட்டுப்படும் கை இன்னொரு கதையிலும் வருகிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் மக்டொனால்டு எழுதிய ‘லிலித்’ 1895இல் வெளியானது. நவீன கிறிஸ்தவ மிகுபுனைவுக்கு மூலவர்களில் ஒருவர் அவர், சி. எஸ். லூயிஸ் தம் குரு என்று கொண்டாடியவர். ஆதாமின் முதல் மனைவியாகச் சொல்லப்படும் லிலித், இரத்தம் குடிக்கும் அரசி. மனந்திரும்ப நினைத்தும் மூடிய கைவிரல்கள் திறக்கவில்லை. அவளே கேட்டுக்கொள்ள, ஆதாம் வாளெடுத்துக் கையை வெட்டுகிறார். இங்கே நல்லவளுக்குக் கை போகிறது, அங்கே கெட்டவளுக்குக் கை போகிறது என்று இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது. நீலிக்கோ தலையில் ஆணி. மீட்பு என்று ஆண் எழுதும்போது பெண்ணின் உடம்பில் ஏதோ ஒன்றைக் குறைத்துத்தான் அதை எட்டமுடிகிறது.

நாகர்கோவில் சீர்திருத்தச் சபை வீடுகளில் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக இருந்த கதைப்புத்தகம் ‘மோட்சப் பிரயாணம்’. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட முதல் பாகத்தின் தொடக்கம் அனைவருக்கும் தெரியும்: நாசபுரியிலிருந்து ஓடுகிறவன் மனைவி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்ட பிள்ளைகளில் யாராவது ஒருவர், அந்த அம்மா என்ன ஆனாள் என்று கேட்டிருக்கத்தான் செய்வார்கள்.

கேட்டவர்களுக்குப் பனியனே விடை வைத்திருந்தார். 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் மனைவி கிறிஸ்தியானாள் நான்கு பையன்களோடும் தோழி மெர்சியோடும் அதே வழியில் புறப்படுகிறாள். இப்போது வழியே மாறிவிடுகிறது. முதல் பாகத்தில் ஒற்றை ஆளாகப் போரிட்டுத் திணறிய பள்ளத்தாக்குகளில், இவர்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டும் சமைத்துக்கொண்டும் போகிறார்கள். பையன்கள் வளர்ந்து கல்யாணமே ஆகிவிடுகிறது. சத்திரக்காரர் காயு பெண்களுக்குச் சாதகமாக ஒரு நீண்ட பேச்சும் பேசுகிறார். கூடவே ஒரு கணக்கையும் பனியன் சேர்த்துக்கொள்கிறார்: பெண்கள் தனியாகப் போகக்கூடாது, வாளேந்திய தைரியநெஞ்சன் துணைக்கு வேண்டும். வழி கிடைத்தது, வழிகாட்டி ஆண்.

பனியனின் கதைக்கும் அவர் வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளி என்னைத் தூங்கவிடாத ஒன்று. பெட்ஃபோர்டு தெருவில் வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மூன்று நான்கு ஏழைப் பெண்களைக் கேட்டுத்தான் தம் தேடல் திரும்பியது என்று, 1666இல் வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக அவர் சிறையிலிருந்தபோது, 1661இல் இரண்டாம் மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன் நின்று கணவனுக்காக வாதாடினாள். கையில் நான்கு சிறு பிள்ளைகள், அவர்களில் ஒருத்தி பார்வையற்றவள். அவர் கைதான அதிர்ச்சியில் அவளுக்குப் பிரசவ வலி வந்து, பிறந்த குழந்தை இறந்திருந்தது. வழியைக் காட்டியது பெண்கள், வழக்காடியது பெண். கதையின் முதல் பாகத்தில் அந்தப் பெண் காதைப் பொத்தவேண்டிய குரலாகிவிட்டாள்.

தமிழில் இந்தக் கதையைக் காப்பியமாக்கியவர் கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவத்தில் வளர்ந்து, 1858இல் கிறிஸ்தவரானவர். ‘நற்போதகம்’ இதழில் பல ஆண்டு தொடர்ந்து வந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலானது. 3,766 பாடல்கள், ஐந்து பருவங்கள். கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது. பெயருக்கேற்பக் கம்பனில் தோய்ந்தவர். அவர் தழுவியது பனியனின் முதல் பாகத்தை.

இங்கேதான் எனக்கு ஒரு தீராத கேள்வி. காட்டுக்குப் புறப்படும் கணவனோடு மனைவி போவதைத் தமிழ் வாசகன் கம்பனில் படித்துக் கண்ணீர் விட்டிருக்கிறான். வராதே என்றாலும் மரவுரி கட்டிக்கொண்டு வந்து நிற்கும் சீதை கிருஷ்ணபிள்ளையின் நாவில் இருந்தவள். ஆரணியத்துக்கே ஒரு பருவம் ஒதுக்கியவர், யாத்திரிகனோடு அவன் மனைவியை ஏன் அனுப்பவில்லை? மூலநூலுக்கு உண்மையாக இருந்தார் என்பது ஒரு விடை. ஆனால் மூலநூலை அவர் பல இடங்களில் தமிழ் மண்ணுக்கு ஏற்றபடி தாராளமாக மாற்றியவர்தான். இரண்டாம் பாகமும் அவர் கைக்கெட்டாத நூல் அல்ல. மதம் மாறியவன் வீட்டைப் பிரிந்து வரும் வலி அவருக்குச் சொந்த அனுபவம். அந்த வலியில் பிரிபவனின் பக்கம் மட்டும் காப்பியமாயிற்று.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நூல் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சையில் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’. குறவஞ்சி என்ற வடிவத்தை எடுத்த மாத்திரத்திலேயே ஊர் ஊராகத் திரியும் ஒரு பெண் கதைக்குள் வந்துவிடுகிறாள். சீயோன் மகள் தேவமோகினி காதலில் வாடுகிறாள். குறிசொல்ல வரும் ஞானச்சிங்கி விசுவாசத்தின் உருவம். அவள் மலை பார்த்தவள், நாடு பார்த்தவள், கூடை இடுக்கி நடந்தவள். அவளைத் தேடிக்கொண்டு பின்னால் வருகிறவன்தான் ஆண். சாஸ்திரியாருக்குப் பெண்ணுரிமைக் கொள்கை இருந்ததென்று நான் வாதிடவில்லை. ஆனால் தமிழ் வடிவத்தின் உள்ளிருந்து எழுதியவருக்கு வழிநடக்கும் பெண் இயல்பாகவே கிடைத்தாள். பெருங்காப்பியம் எழுதப் போனவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கதைகளுக்கு வெளியே நாஞ்சில் நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1819இல் சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மிஷனரி என்ற பெயர் கணவருக்கு மட்டுமே. பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, ரேந்தைப் பின்னல் சொல்லிக்கொடுத்தது மார்த்தா. ரேந்தை விற்ற காசில் அடிமைப்பெண்கள் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான் என்பதை நினைத்தால் அந்தப் பின்னலின் எடை தெரியும். தோள்சீலை அணிந்ததற்காகச் சந்தைகளில் சேலை கிழிக்கப்பட்ட பெண்கள், பல பத்தாண்டு அடியும் அவமானமும் பொறுத்து, 1859 ஜூலை 26 அன்று அரச அறிவிப்பு வரும்வரை விட்டுக்கொடுக்கவில்லை. பைபிள் ஸ்திரீகள் என்று அழைக்கப்பட்டவர்கள் புத்தகப்பையோடு வீடு வீடாக நடந்தார்கள். இங்கே வழி பெண்களுடையதாகத்தான் இருந்தது. அது காப்பியமாகவில்லை.

20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இந்த மரபு உச்சம் தொட்டபோதும் பழைய கோடுகள் அழியவில்லை. லூயிஸின் நார்னியா வரிசை 1950 முதல் 1956 வரை வந்தது. கடவுளை முதலில் காண்பவள் லூசி என்ற சிறுமி. அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் ஆளும் பெண் என்றால் வெள்ளைச் சூனியக்காரி. கடைசி நூலில், உதட்டுச்சாயமும் நைலான் காலுறையும் விருந்துக்கான அழைப்புகளும் பெரிதாகிப்போன சூசன் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறாள். பெண் வளர்ந்துவிட்டதே குற்றமாகிற இடம் அது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அடுத்த ஆண்டு லூயிஸ், பெண்கள் குருவாகக்கூடாது என்று இங்கிலாந்தில் கட்டுரை எழுதினார். 1976இல் அதே தென்னிந்தியத் திருச்சபை பெண்ணைக் குருவாக அருட்பொழிவு செய்தது. லூயிஸும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. 1956இல் எழுதிய ‘முகங்கள் கிடைக்கும்வரை’ நாவலில் ஓருவால் என்ற அழகற்ற அரசி, தெய்வங்கள் மீது தன் வழக்கைத் தானே எழுதுகிறாள். நீலியிடமிருந்து பறிபோன வழக்கு வேறொரு பெண்ணின் கையில் எழுதுகோலாக வருகிறது. கவிஞரும் நாவலாசிரியருமான ஜாய் டேவிட்மன் அவர் வாழ்க்கைக்குள் வந்திருந்த காலம் அது. லூயிஸின் நூல்களில் நான் மீண்டும் மீண்டும் படிப்பது இந்த நாவலைத்தான். டோல்கீனின் கதையில் வரும் எயோவின் என்ற பெண்ணுக்கும் வாள் கிடைக்கிறது. ஆண்வேடம் போட்டால்தான் வழி கிடைக்கிறது.

நாஞ்சில் மண்ணிலிருந்து பதில் 1964இல் வந்தது. புலிப்புனத்தைச் சேர்ந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம்வீடு’ அற்புதக்கதை அல்ல. பனைவிளையும் பழைய வீடும் கண்ணப்பச்சி என்ற தாத்தாவும் உள்ள கதை. பருவம் வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸி, பனையேறி தங்கராஜை விரும்புகிறாள். கொலைப்பழி அவன்மேல் விழுந்த பிறகும் அவள் அசையவில்லை. மாதா தோன்றவில்லை, கை முளைக்கவில்லை. வேதாகமம் வாசிக்கும் ஒரு பெண், அழி போட்ட ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டே தன் மனதைத் தானே தீர்மானிக்கிறாள். கன்னியும் இல்லை, சூனியக்காரியும் இல்லை. முந்நூறு ஆண்டு ஆண்கள் எழுதிய கதைகளை வாசித்துவிட்டு அந்த வீட்டுக்குள் நுழையும்போது மூச்சு சீராகிறது.

கடைசியாக நட்டாலம். அவ்வூர் நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். புலியூர்க்குறிச்சியில் முழங்கையால் இடித்த பாறையில் நீர் சுரந்தது, காற்றாடிமலைப் பாறை மணிபோல் ஒலித்தது என்று அவரைச் சுற்றி அற்புதங்கள் வளர்ந்தன. அம்மானையும் நாடகமும் வில்லுப்பாட்டும் உண்டாயின. மனைவி பார்கவியும் வடக்கன்குளத்துக்குப் போய்த் தெரசா, தமிழில் ஞானப்பூ, என்று ஞானஸ்நானம் பெற்றவள். நான் பார்த்த மேடைகளிலும் கேட்ட பாட்டுகளிலும் கணவனைப் பிரியும் காட்சியோடு அவள் முடிந்துவிடுகிறாள். அழுது, விழுந்து, திரைக்குப் பின்னால் போகிறாள். அதன்பின் குண்டு முழங்குகிறது, பாறை ஒலிக்கிறது.

அவள் முடியவில்லை. ஊரும் உறவும் பகையாகிவிட்ட பின், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்பக்கம் வடக்கன்குளத்திலேயே 14 ஆண்டு வாழ்ந்தாள். 1766இல் இறந்தாள், அங்கேயே அடக்கம். அந்த 14 ஆண்டில் அவள் என்ன வேலை செய்தாள், யாரோடு உட்கார்ந்து பேசினாள், யார் தலையில் பேன் பார்த்தாள் என்று பாட ஒரு வில் வேண்டும்.